ஐம்பது கிலோமீட்டருக்குள் வந்தால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மொட்டைமாடியில், ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. மேல்வீட்டுத் தம்பதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆபீஸ்ல என்ன விசேஷம்?"

"சொல்லக்கூடாது. உங்களுக்கு?"

"எனக்கும் சொல்லக்கூடாது."

இருவரும் சிரித்தார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தில் ஆளுக்கொரு மாடியில் வேலையாம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

விண்வெளியின் எல்லையற்ற இருளில், அந்நிய நாட்டுச் செயற்கைக்கோள் ஒன்று

(வேண்டாம். இருபது வருடமாகக் குடும்பக் கதை எழுதுகிறவள் நான். சமையலறை விளக்கைப் போட்டால்தான் எனக்குக் கதை நகரும்.)

சமையலறை. அவள் வெங்காயம் நறுக்குகிறாள். அவளுக்கு 'ரேடார்' என்று பட்டப்பெயர், மாமியார் வைத்தது. ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணம் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவனுக்குப் பெயர் 'திருத்தம்'. மளிகைப் பட்டியலையும் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பான். அதுவும் அந்த அம்மாள் வைத்ததுதான். சொந்தப் பிள்ளை என்று சலுகை காட்டவில்லை.

நம் செயற்கைக்கோள்களை யார் நெருங்குகிறார்கள் என்று திரையில் பார்ப்பது அவள் வேலை. நெருங்கினால் என்ன செய்வது என்று விதி எழுதுவது அவன் வேலை. ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது. வீட்டுக்குள் வேலையைப் பற்றி மூச்சுவிடுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

3

விதியின் வரைவு இது: 'அந்நியச் செயற்கைக்கோள் ஐம்பது கிலோமீட்டருக்குள் வந்தால், பகை எனக் கொண்டு, லேசர் பாய்ச்சி அதன் கேமராவைக் குருடாக்கலாம்.'

கண்காணிப்புப் பிரிவு ஒரே ஒரு வரி சேர்த்து அனுப்பியது: 'அதற்கு முன் அதை ஏவிய நாட்டிடம் ஒருமுறை கேட்க வேண்டும்.'

சிவப்புக் கோடு. ஓரத்தில் குறிப்பு: 'கேட்டால் பொய் சொல்வார்கள்.'

மறுபடி அந்த வரி. மறுபடி சிவப்புக் கோடு. கோப்பில் பெயர் கிடையாது, பிரிவு எண்கள் மட்டும்.* மூன்று மாதமாக இந்தச் சண்டை.

* நிஜக் கோப்பும் இப்படித்தானா, தெரியாது. மேல்வீட்டில் கேட்டேன். சொல்லக்கூடாதாம்.

4

"ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காருங்க. மூஞ்சியக்கூட பாத்ததில்லை. நான் எழுதற ஒரே வரியை அடிச்சு அடிச்சு அனுப்பறாரு."

"என்ன வரி?"

"சொல்லக்கூடாது."

"சரி விடு. நானா இருந்தா, 'அடிக்கிற நேரத்துல ஒருதடவை படிச்சிருக்கலாம்'னு ஓரத்துல ஒரு குத்து குத்துவேன்."

"நல்லாருக்கே. எழுதிக்கவா?"

"தாராளமா. எனக்கும் அங்க ஒரு தலைவலி. சொன்னதையே சொல்லிட்டிருக்காங்க."

"கோப்பைத் திறக்காதீங்க. ரெண்டு நாள் ஊறப்போடுங்க, தன்னால வழிக்கு வருவாங்க."

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். மனசாரத்தான் உதவுகிறார்கள், பாவம்.)

5

மறுநாள் அவள் திரையில் ஒன்று தெரிந்தது. அந்நியச் செயற்கைக்கோள், கட்டுப்பாடு இழந்து, உருண்டபடி நம்முடையதை நோக்கி வந்தது. பழுதாகியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் ஐம்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். வியாழன் மாலை ஐந்துக்கு விதி கையெழுத்தாகிறது. கேட்காமல் லேசர் பாய்ச்சினால், முதல் அடி நாம் அடித்ததாக ஆகிவிடும். இவ்வளவையும் எழுதி, பழைய வரியைச் சேர்த்து, ஓரத்தில் ஒரு குத்தும் குத்தி அனுப்பினாள்.

அவள் சொன்ன யோசனைப்படியே கோப்பு அவன் தட்டில் இரண்டு நாள் ஊறியது.

வியாழன் நாலரைக்குத் திறந்தான். 'அடிக்கிற நேரத்தில் ஒருதடவை படித்திருக்கலாம்.'

அவன் கோபத்தில் கோப்பை

(இல்லை, அவன் அப்படிப்பட்டவன் இல்லை.)

அவன் கண்கள் கலங்கி

(என் வாசகிகளுக்குப் பிடிக்கும். அவனுக்குப் பிடிக்காது.)

அவன் வாய்விட்டுச் சிரித்தான். எதிர் மேசை குமாஸ்தா நிமிர்ந்தார்.

"என்ன சார், கோப்புல ஜோக்கா?"

"என் ஜோக்குதான்."

பிறகு மூன்று மாதக் குறிப்புகளையும் முதலிலிருந்து படித்தான். இம்முறை ஒவ்வொன்றும் வெங்காயம் நறுக்கும் குரலில் கேட்டது. சிரிப்பு அடங்கியது. மனைவி எழுதினாள் என்பதால் ஒரு வரி சரியாகிவிடுமா? அவள் என்று தெரியாததால்தான் இத்தனை நாள் படிக்காமல் அடித்தேனா?

6

முதல் முடிவு: அவன் சிவப்புக் கோட்டை நீக்குகிறான், சுபம். (எனக்கே நம்பிக்கை இல்லை.)

இரண்டாம் முடிவு: 'எதிர்ப்பிரிவில் இருப்பது என் மனைவி' என்று மேலதிகாரியிடம் சொல்கிறான், கோப்பு வேறொருவர் கைக்குப் போகிறது. (நேர்மையானது. சொல்லத்தான் போகிறான். ஆனால் புது ஆள் வாசிப்பதற்குள் மணி ஐந்தாகிவிடும்.)

இனி நான் எழுதியது. மூன்று மாதத்தில் இரண்டு பிரிவும் ஒருமுறைகூட ஃபோனில் பேசியதில்லை. அவன் ரிசீவரை எடுத்து மூன்றாம் மாடி எண்ணை அழுத்தினான். 'கேட்டால் பொய் சொல்வார்கள்' என்று எழுதிய அதே கை.

அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் எடுத்தாள்.

"கண்காணிப்புப் பிரிவு."

"உங்க வரியைப் பத்தி ஒண்ணு கேக்கணும், மேடம்."

ரேடாருக்கு ஒரு நொடி போதும். குரலில் சிரிப்பு முட்டியது.

"மூணு மாசம் கழிச்சா? கேளுங்க."

நான் இங்கே எழுந்துவிடுகிறேன். மாடியில் என் துணியும் காய்கிறது. அவன் என்ன கேட்டான், அவள் என்ன சொன்னாள், கோட்டை நீக்கினானா என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. பேனாவை மேசையில் வைத்திருக்கிறேன், நீல மைதான். கையெழுத்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. ஒருமுறை கேட்பதற்கு அது தாராளம்.