யாரும் உட்காரக் கூடாத சோபா

மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டவர்களின் வீட்டுக்கு அறக்கட்டளையிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். குடும்பம் மெய்யாகவே கஷ்டத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த வருகை. இந்தச் சின்ன விஷயம் மாமாவுக்குத் தெரியாது. தெரியாத விஷயங்களில்தான் மாமாவுக்குத் தன்னம்பிக்கை அதிகம்.

மாமா என்றால் பாப்பாவின் அம்மாவுக்கு அண்ணன். சுங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு கப்பல் கேப்டன்களோடு கைகுலுக்கியிருந்ததால் உலக விவகாரம் பூராவும் தமக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயது முடிந்தும் வீட்டில் இன்னும் பாப்பாதான். சர்வதேச உறவுகளில் எம்.ஏ. படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்கு இடம் கொடுத்துப் பாதிக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்திருந்தது. மீதியை அறக்கட்டளை கொடுத்தால் விமானம். கொடுக்காவிட்டால், பகுதி நேரமாக நிற்கிற மருந்துக் கடையில் இனி முழு நேரம்.

சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாகக் காலையில் போன் வந்தது. பாப்பா கடைக்குப் போயிருந்தாள். போனை எடுத்த அம்மா, கையும் ஓடாமல் காலும் ஓடாமல், முதலில் சொன்னது அண்ணனிடம். மாமா அரை மணியில் வந்து இறங்கிவிட்டார்.

“வெளிநாட்டுல போய்ப் படிக்கப் போற பொண்ணு. நாம எப்பேர்ப்பட்ட குடும்பம்னு பாக்கத்தான் ஆள் அனுப்பறாங்க. இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சா மானம் கப்பலேறிடும்.”

“இருக்கறதைக் காட்டினா போதாதா மச்சான்?” என்றார் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். பேசினால் யாரும் கூலி தரப்போவதில்லை என்பதால் அளந்து பேசுகிறவர்.

“மாப்ள, நீங்க லிஃப்டைப் பாருங்க. ராஜதந்திரத்தை நான் பாத்துக்கறேன்.”

ராஜதந்திரம் மதியத்துக்குள் வீட்டை நிரப்பிவிட்டது. எதிர் வீட்டுப் பல் டாக்டரம்மாவின் வெள்ளைத் தோல் சோபா வந்தது. மேல்மாடி பேங்க் மேனேஜரின் சுவரளவு டி.வி. வந்தது. யாரோ டேபிள் டென்னிஸில் ஜெயித்த கோப்பைகளோடு ஒரு கண்ணாடி அலமாரியும் வந்தது. அம்மா ரவிக்கை தைத்துக் கொடுக்கும் தையல் மிஷினைத் தூக்கிக் குளியலறைக்குள் ஒளித்துவைத்தார்கள்.

சேதி தெரிந்து கடையிலிருந்து ஓடிவந்த பாப்பா கதவைத் திறந்தாள். “சாரிங்க” என்று சொல்லிவிட்டு மூடினாள். கதவு எண்ணை ஒரு தடவை பார்த்துக்கொண்டு திரும்பினால், பின்னால் கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண்மணி.

“அறக்கட்டளையிலேர்ந்து வரேன். இதுதானே உங்க வீடு?”

“அப்படித்தான் மேடம் நினைக்கிறேன்” என்றாள் பாப்பா.

உள்ளே மாமா இரண்டு கையையும் விரித்து நின்றார். “வாங்க மேடம், வாங்க. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், பணம்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்ல.”

மேடம் சோபாவை நோக்கி நடந்தார். அம்மா பாய்ந்து வந்து குறுக்கே நின்றாள்.

“மேடம், அதுல மட்டும் உக்காராதீங்க.”

“ஏன், கால் ஆடுதா?”

“இல்லைங்க. யாரும் உக்காரக் கூடாதுன்னு சொல்லித்தான் டாக்டரம்மா குடுத்தாங்க.”

“என் தங்கச்சிக்கு எப்பவும் வேடிக்கைப் பேச்சு” என்று மாமா சிரித்தார். துணைக்கு யாரும் சிரிக்கவில்லை.

“அந்த டி.வி.?”

“எங்களுதுதான்” என்றார் மாமா.

“மேனேஜர் சாரோடது” என்றாள் அம்மா. பொய் சொல்லத் துணிந்தவள்தான். பாதி வழியில் அவளுக்கு நாக்கு எழவில்லை. “ஆறு மணிக்கு மேட்ச் இருக்காம். அதுக்குள்ள வேணுமாம்.”

மேடம் பெருமூச்சு விட்டார். “எனக்குப் புரியுதும்மா. ஆனா புரிஞ்சதை நான் எழுத முடியாது. வீட்டுக்குள்ள என்ன இருக்கோ அதைத்தான் எழுதணும், அதைத்தான் போட்டோ எடுக்கணும். அறிக்கை இன்னிக்கே போகணும்.”

பாப்பா அறையை ஒரு சுற்று பார்த்தாள்.

“இருக்கறதைத்தானே மேடம்? அப்ப கொஞ்சம் நேரம் குடுங்க. எங்களுது இல்லாததெல்லாம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடும். நீங்களே கூட வந்து பாருங்க.”

மேடம் கேமராவைப் பைக்குள் போட்டார். “நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.”

“மாமா, அந்தப் பக்கம் பிடிங்க.”

“நானா? எனக்கு இடுப்பு...”

“மத்தியானம் தூக்கிட்டு வரும்போது நல்லாத்தானே இருந்துச்சு மச்சான்” என்றார் அப்பா. கஞ்சப்பட்டுச் சேர்த்த வார்த்தைகளை நல்ல இடத்தில் செலவழித்தார்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பாப்பா, பின்னால் மூச்சு வாங்கும் மாமா, நடுவில் சோபா. எதிர்வீட்டு டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சோபாவின் தோலில் சுருக்கம் தேடினாள்.

“யாராவது உக்காந்தீங்களா?”

“உக்காரலைங்க. அதுக்கு நான் சாட்சி” என்றார் மேடம்.

பாப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற அப்பா குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, டி.வி.யைப் படிப்படியாக ஏற்றினார்கள். மேடம் முன்னால் போய் வளைவுகளில் “இடது, இடது, இடிச்சுடாதீங்க” என்று வழி சொன்னார். கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தபடி வெளியேறின.

வீடு வீடானது. அலமாரி நின்ற இடத்தில் ஈரம் ஊறிப் பூத்திருந்த சுவர் தெரிந்தது. அம்மா பழக்கதோஷத்தில் போய் அதை மறைத்து நின்றாள்.

“தள்ளிக்கோம்மா” என்றாள் பாப்பா, மெதுவாக.

அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு தள்ளி நின்றாள். மேடம் சுவரைப் போட்டோ எடுத்தார், குளியலறையிலிருந்து திரும்பிய மிஷினை எடுத்தார், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதி முடித்தார். ஹெல்மெட்டைக் கையில் எடுத்தவர் வாசலில் நின்றார்.

“கிடைக்கும், கிடைக்காதுன்னு நான் சொல்லக் கூடாது. அது குழுவோட முடிவு. ஆமா, விசாவுக்குத் தேதி வாங்கியாச்சா?”

“பணம் உறுதியானாத்தான் மேடம்.”

“ரெண்டு மாசம் தள்ளித்தான் தேதி குடுக்கறாங்க. எதுக்கும் இன்னிக்கே வாங்கி வைங்க.”

அவர் இறங்கிப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “அப்படின்னா என்னடி அர்த்தம்? ஏய், அழறியா சிரிக்கிறியா?” அப்பா பாப்பாவின் தலையைப் பிடித்து ஆட்டினார். பாப்பா போனைத் திறந்து தேதி தேடத் தொடங்கினாள்; அவசரத்தில் பாஸ்வேர்டு மூன்று தடவை தப்பானது.

மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “விசா ஆபீஸ்ல எனக்கு ஒருத்தரை நல்லாத் தெரியும். நான் ஒரு வார்த்தை...”

“வேண்டாம்” என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். படியிலிருந்து வந்த குரலையும் சேர்த்தால் நாலு பேர்.