சிவப்பு மிதியடி

அம்புரோஸ் கடைசியாக வந்து புலம்பியது வாசலில் கால் துடைக்கும் ஒரு மிதியடியைப் பற்றித்தான். தொற்று பரவியதிலிருந்து ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் போகக் கூடாது என்பது ஊர்ச்சபைக் கட்டளை. அதனால் தங்கை பிலோமினின் சமையலறை ஜன்னலை வெளியே நின்று தட்டினார்.

“பாத்தியா பிலோ? ரெண்டு பூட்ஸையும் தொடைக்கிறான். இப்ப நாயோட காலையும் ஒவ்வொண்ணாத் தூக்கித் தொடைச்சு விடறான்!”

“நீ ஏண்ணே அதையே பாத்துக்கிட்டு நிக்கிற?”

“பாக்காம எப்படி? அவன் என்னைப் பாத்துக்கிட்டேல்ல தொடைக்கிறான்!”

அவன் என்றது எதிர்வீட்டு ஸாக்கரியை. அத்தை மகன், அம்புரோஸுக்கு மச்சான். பனித்தரை ஹாக்கியில் அம்புரோஸ் சிவப்புச் சட்டை மாண்ட்ரியல் அணியின் ரசிகர், ஸாக்கரி நீலமும் வெள்ளையுமான டொரண்டோ அணியின் ரசிகர். மார்ச் மாதம் நாடெங்கும் ஹாக்கி ஆட்டங்களை நிறுத்திவிட்டார்கள். இருவருக்கும் சண்டை போட ஒன்றுமில்லாமல் போயிற்று.

அதிலிருந்து பனி உருகும் வரை ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து பாசிமணி தைத்தது. பயந்த மனசுக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டியிருந்தது. காதணி, முகக்கவசம் எல்லாம் தைத்து முடித்து, டிவி ரிமோட்டுக்குச் சட்டை தைத்தார்கள். சபை அலுவலகத்துக் கிருமிநாசினிப் புட்டிக்கு யாரோ பூப்போட்ட பாவாடை தைத்துக் கட்டிவிட்டார்கள். ஸாக்கரி மட்டும் புகைபோட்ட வாத்தைக் கொடுத்துக் கொடுத்து ஊரிலிருந்த சிவப்புப் பாசி முழுவதையும் வாங்கிச் சேர்த்தார். மாண்ட்ரியல் சின்னத்தைச் சிவப்பிலேயே ஒரு மிதியடியாகத் தைத்துத் தன் வாசலில் போட்டார்.

“எனக்கு ஒரு ஜோடி மொக்கசின் தோல் ஷூ தைச்சுக் குடு. முழுக்கச் சிவப்பு. அதைப் போட்டுக்கிட்டு அவன் வாசல்ல ஆடறேன்.”

“தோல் வெட்டி வச்சாச்சுண்ணே. சிவப்புதான் இல்ல. தெக்க கடையில சொல்லியிருக்கேன், விமானத்துல வரும்.”

“வரட்டும்” என்று சேற்றை மிதித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அவருக்கு நெஞ்சு அடைத்தது. சிறு விமானத்தில் தெற்கே கொண்டுபோனார்கள். அங்கிருந்து பிலோமினுக்கு வந்தது தொலைபேசி அழைப்புதான். உடலை வெள்ளிக்கிழமை விமானத்தில் அனுப்புவார்களாம்.

பாசிமணிப் பொட்டலம் அதற்கு முந்திய விமானத்திலேயே வந்துவிட்டது. பிலோமின் பிரித்துப் பார்த்தாள். நீலமும் வெள்ளையும். கடைக்காரர்கள் யாருடையதையோ மாற்றி அனுப்பிவிட்டார்கள்.

அவள் அதையே வெறித்துப் பார்த்தாள். இறந்தவர் அந்தப் பக்கம் போய்ச் சேர நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். ஆஸ்பத்திரிக் காலுறையோடு அனுப்ப முடியாது. அதற்காக ஆயுள் முழுக்க டொரண்டோவைத் திட்டிய மனிதரை டொரண்டோ நிறத்திலா அனுப்புவது? அந்தப் பக்கம் போய் அப்பா முகத்தில் எப்படி விழிப்பார்? அப்பாவும் மாண்ட்ரியல்தான்.

வெட்டிய தோலை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். மிதியடி வாசலில் இல்லை. கழுவித் துணிக்கொடியில் காயப்போட்டிருந்தது. ஸாக்கரி கதவைத் திறந்து, ஒரு ஹாக்கி மட்டை தூரம் விட்டு நின்றார்.

“உள்ள வான்னு சொல்ல முடியல மச்சினி.”

“உள்ள வரல. அந்த மிதியடியைக் குடு.”

“கால் தொடைக்கவா?”

“அண்ணன் காலுக்கு.”

ஸாக்கரி கொடியைப் பார்த்தார். “ரெண்டு நாளா நான் காலே தொடைக்கல. வீடெல்லாம் சேறு. அவன் பாக்காம எதுக்குத் தொடைக்கணும்?” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “எடுத்துக்க. ஆனா ஒரே ஒரு நீல மணி வைக்கணும்.”

“செத்தவர்கிட்டயுமா உன் வேலை?”

“வேலையில்ல. தப்பு மணி. எதைத் தைச்சாலும் ஒரு மணியைத் தப்பா வைக்கணும், தப்பே இல்லாதவர் கடவுள் ஒருத்தர்தான்னு பெரியவங்க சொல்லலையா?”

“எங்கம்மா வச்சதே இல்ல. வேணும்னு பண்ற அளவுக்கு எங்க வீட்ல தப்புக்குப் பஞ்சம் வரல.”

“அதெல்லாம் தெரியாது. தப்பு மணி நீலம்தான்.”

“அப்ப டொரண்டோ ஒரு தப்புன்னு சொல்ற?”

“நான் எங்க சொன்னேன்?”

“இப்பத்தானே சொன்ன. தப்பு மணி நீலம், நீலம் டொரண்டோ. அப்ப டொரண்டோ தப்பு.”

“அடி பாவி.”

“வைக்கிறேன் நீலத்தை. ஆனா இதையே அவர் பெட்டி பக்கத்துல நின்னு வாயால சொல்லணும். நாப்பது வருஷமா அவர் இதைக் கேக்கத்தான் உன் வீட்டுக்கு வந்துட்டிருந்தார்.”

ஸாக்கரி உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தார்.

அன்று முழுவதும் அவர் தன் வாசற்படியில் உட்கார்ந்து தான் தைத்ததைத் தானே அறுத்தார். பிலோமின் கொஞ்சம் தள்ளி ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து தைத்தாள். உதிர்ந்த பாசியைத் தேநீர்க் கோப்பையில் அள்ளி, கோப்பையை ஹாக்கி மட்டையின் நுனியில் வைத்து நீட்டுவார், அவள் எடுத்துக்கொள்வாள். சில கோப்பைகளில் நாய் ரோமமும் வந்தது.

“ஊதிட்டுத் தை.”

“பரவால்ல, இருக்கட்டும். அண்ணனுக்கு உன் நாயைப் பிடிக்கும்.”

“என்னைத்தான் பிடிக்காது.”

“ஆமா” என்றாள் பிலோமின். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு யாரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இடது காலில், பெருவிரல் மேலே வரும் இடத்தில், நீல மணியை வைத்து முடிச்சுப் போட்டாள். அவ்வளவு சிவப்புக்கு நடுவே அது கொசு உட்கார்ந்ததுபோல் இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது. பாதிரியாரையும் சேர்த்துத்தான் பத்து. எல்லோர் வாயிலும் பூப்போட்ட முகக்கவசம். பாதிரியார் முடித்ததும் பிலோமின் ஸாக்கரியைப் பார்த்தாள். அவர் இரண்டடி முன்னால் வந்து பெட்டியைப் பார்த்துக் குனிந்தார்.

“டொரண்டோ... ஒரு தப்பு, மச்சான்.”

பாதிரியார் தெற்கேயிருந்து வந்தவர். ஊர்ப் பேச்சு அவருக்கு அரைகுறை. அதை ஏதோ பழைய ஜெபம் என்று நினைத்துக்கொண்டார்.

“ஆமென்” என்றார். எல்லோரும் “ஆமென்” என்றார்கள். ஸாக்கரியும் வேறு வழியில்லாமல் சொன்னார்.

மார்ச்சில் நின்ற ஹாக்கிப் புள்ளிப் பட்டியல் அப்படியேதான் இருந்தது: டொரண்டோ மேலே, மாண்ட்ரியல் கீழே.