இன்னும் கொஞ்சம் நீலம்

கணவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, யாராவது கவனிக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு பக்கத்து மேசையில் இருந்த மனைவியிடம், பேனா இரவல் கேட்பது போன்ற குரலில், "எப்படி?" என்றான்.

அவன் கணினித் திரையில் ஒரு வாஷ்பேசின் இருந்தது. எந்தத் தொழிற்சாலையிலும் இன்னும் வார்க்கப்படாதது. விளம்பரத்துக்காக அவன் கணினியிலேயே உருவாக்கியது. மரப்பலகை மேல், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. விளிம்பு வளைவிலும் உள்ளே இறங்கும் நிழலிலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் வாஷ்பேசின் வெள்ளையாக இல்லை. குளிரில் விறைத்த உதடு போல நீலம் பாரித்திருந்தது.

அவனுக்கு அது தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, "கண்ணுல கத்தி வைக்க நான் ஆளில்ல" என்று எழுந்து வந்துவிட்டான். புரை எல்லாவற்றின் மேலும் மெல்லிய மஞ்சளைப் பூசிக் காட்டியது. நல்ல வெள்ளை அவனுக்குப் பழுப்பாகத் தெரியும். அதைச் சரிக்கட்ட நீலத்தை ஏற்றுவான். அவள் எட்டிப் பார்த்து, "நீலத்த கொஞ்சம் இறக்குங்க" என்பாள். கணினி காட்டும் நிற எண்களைப் பார்த்துச் சமாளிக்கவும் வழியில்லை. வெள்ளைப் பொருள் மரத்துக்குப் பக்கத்தில் மரத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும், ஜன்னலுக்குப் பக்கத்தில் வானத்தின் நிறத்தை. எங்கே எவ்வளவு என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். அந்தக் கண் அவளுடையது.

அலுவலகத்துக்கு இது தெரியாது. ஃப்ரிட்ஜ், கெட்டில், பீங்கான் என்று வெள்ளையாக எது வந்தாலும் அவனிடம் போகும். அவனுக்கு 'வெள்ளைக்காரர்' என்றே பெயர். அவளுக்கு வந்ததெல்லாம் குழாயும் திருகாணியும். மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அவன் ஆரம்பிப்பான். "எங்க வீட்டம்மாவ நம்பி ஒரு டம்ளர் கூடக் குடுத்துராதீங்க. சுண்ணாம்பு அடிச்சு வச்சிருவா." எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டுத் தன் டப்பாவை மூடுவாள்.

இந்த வாஷ்பேசின் படம் தேறினால் அவன்தான் பிரிவுத் தலைவர் என்று முதலாளி சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம், அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவன் மிச்சத்தையும் சொன்னான்.

"புருஷன் மேல, பொண்டாட்டி கீழன்னா ஆபீஸ்ல நல்லா இருக்காதாம். நானும் சரின்னுட்டேன். நீ வேலைய விட்டுரு."

"என்னைய ஒரு வார்த்தை கேக்கலயே."

"இதுல கேக்க என்ன இருக்கு? படத்த வீட்டுக்குக் கொண்டு வரேன். பார்த்துச் சொல்லிட்டாப் போதும். உனக்கும் பஸ் அலைச்சல் மிச்சம்."

ஏதோ பரிசு கொடுப்பவன் போலத்தான் சொன்னான். அவள் மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள்.

"ஏய், உன்னத்தான். எப்படின்னு கேட்டேன்." திரையைக் காட்டிவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீலம் ஏறிருச்சா?"

அவனே கேட்டுவிட்டான். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் எப்போதும் போல முன்னால் சாய்ந்து, நிதானமாகப் பார்த்தாள்.

"இல்லங்க. இன்னும் மஞ்சள் அடிக்குது. கொஞ்சம் ஏத்துங்க."

ஏற்றினான். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"கச்சிதம்."

"உன் கண்ணு கண்ணுதான்டி" என்றான் தாழ்ந்த குரலில். அலுவலகத்தில் அவன் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பிற்பகல், விளம்பரம் கேட்டிருந்த பீங்கான் கம்பெனியிலிருந்து வந்த அம்மா, சுவரில் விரிந்த படத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது என்ன கலரு?"

"வெள்ளைங்க. சுத்தமான வெள்ளை. பழக்கமில்லாத கண்ணுக்குக் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்."

"யோவ்" என்றார் முதலாளி. "அடிபட்ட நகம் மாதிரி இருக்குய்யா."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அவன் மனைவியைப் பார்த்தான். நீதானே சொன்னாய் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால், தனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த அம்மா பையிலிருந்து இரண்டு பீங்கான் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். "ஒண்ணு வெள்ளை. ஒண்ணு லேசா மஞ்சள் கலந்த ஐவரி. வெள்ளை எதுன்னு எடுங்க பார்க்கலாம்."

அவன் இரண்டையும் ஜன்னலோரம் கொண்டுபோனான். மூக்குக்கு அருகே பிடித்தான். சட்டையில் துடைத்தான். அறையே காத்திருந்தது. அவன் கண்கள் மறுபடியும் அவளிடம் வந்தன.

"தப்பாப் போனா சிரிக்கவா போறாங்க? எடுங்க" என்றாள் அவள், மிகவும் அன்பாக.

அவன் ஐவரியைத் தூக்கிக் காட்டினான்.

படத்தை உடனே சரிசெய்யும்படி முதலாளி அவளிடம் சொன்னார். அவள் தன் இடத்துக்குப் போகாமல் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நீலத்தை இறக்கினாள். பலகை ஓரத்தில் மரத்தின் சாயையைக் கொஞ்சம் ஏற விட்டாள். ஒரு கட்டத்தில் வாஷ்பேசின், கை நீட்டினால் சில்லிடும் என்பது போல, வெள்ளையாக வந்து நின்றது.

"இது" என்றார் அந்த அம்மா. "இதத்தான் கேட்டேன்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அவனும் பார்த்தான். "மஞ்சளா இருக்கே" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். அவள் திரும்பவில்லை.

மற்றவர்கள் கலைந்த பிறகும் அவன் நின்றுகொண்டிருந்தான். நாற்காலி அவன் உயரத்துக்கு வைத்தது. அவள் கால்கள் தரையைத் தொடாமல் தொங்கின. அவன் அதைக் கவனித்தான். பீங்கான் துண்டை மேசையில் வைத்துவிட்டு மண்டியிட்டு, இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, நெம்புகோலை இழுத்தான். அவள் கனத்தில் நாற்காலி மெதுவாக இறங்கியது. இரண்டு பாதங்களும் தரையில் படிந்தன. அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.