முடியாது பட்டன்

“அப்பாவை நீ கூட்டிட்டுப் போ அண்ணா.”

சாப்பாட்டு மேஜையின் ஒரு முனை அண்ணன் கையில் இருந்தது, மறுமுனை அவள் கையில். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாக இப்போதுதான் போன் வந்திருந்தது. அம்மாவின் உடலைக் கிடத்த முன்னறையில் இடம் வேண்டும். அண்ணன் தன் முனையைத் தொப்பென்று கீழே போட்டான். அவள் கால் கட்டைவிரல் நசுங்காமல் தப்பியது அதிர்ஷ்டம்.

“இதைப் பேசுற நேரமா இது?”

“வேற எப்போ பேசறது? சாயங்காலம் நீ கிளம்பிடுவே.”

இதை மட்டும் அவனிடம் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். மூக்கில் குழாயோடு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். “அவன்கிட்ட போய்க் கேட்டுடாதடி. முடியாதுன்னு சொல்லிட்டான்னா அப்பா மனசு தாங்காது.” மகள் மனசு எதையும் தாங்கும் என்பது அந்த வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணி ஈரத் துணியோடு கதவோரம் நின்றாள். “எங்க ஃப்ளாட்ல லிஃப்ட் அடிக்கடி நின்னுடும் பாப்பா. மாமாவால படி ஏற முடியாதே.”

“ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு அண்ணி?”

“சும்மா எங்க? டிரெட்மில் இருக்கு.”

“அப்போ டிரெட்மில்லை இங்க அனுப்பிடுங்க. அதை நான் பாத்துக்கறேன்.”

அண்ணியின் முகம் சுருங்கியது. அண்ணன் மேஜையை மறுபடி தூக்கினான். “என்கிட்ட கத்தாதே. கிச்சன்ல போய்ப் பாரு. அம்மாவே முடிவு பண்ணிட்டுத்தான் போயிருக்கா.”

சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் மூலை விரிசல்விட்ட பழைய டேப்லெட் ஒன்று மாட்டியிருந்தது. அதில் ஓடுவது அம்மா எழுதிய புரோகிராம். ஊரிலிருந்து வந்த நாள்முதல் அம்மாவோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால் அவள் அதைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள்.

இன்று சமையல்: பாப்பா. பாத்திரம்: பாப்பா. அப்பா மாத்திரை: பாப்பா.

நாளைக்கும் அதேதான். அதற்கு அடுத்த நாளும்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவள். மடிக்கிற இயந்திரம் வந்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பினவர்களுக்கு இலவசப் பயிற்சி உண்டு, கேக் செய்யலாம், வண்டி ஓட்டலாம், கம்ப்யூட்டர் புரோகிராமிங் படிக்கலாம் என்றார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அம்மா மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “மத்த ரெண்டுலயும் கூட்டம் ஜாஸ்திடி” என்றாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். “முதல்ல மவுஸைப் பிடிக்கக் கத்துக்கோம்மா.” அப்பா வருகிறவர்களிடமெல்லாம், “எங்க வீட்டம்மா ராக்கெட் விடப் போறா, தள்ளி நில்லுங்க” என்றார். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

அடைப்புக்குறியைத் திறந்தால் அடுத்த நொடியே மூடிவிடுவாள், அப்புறம்தான் உள்ளே எழுதுவாள். “சாக்ஸ் மாதிரிடி, அப்பவே ஜோடி சேத்து வைக்கலைன்னா தொலைஞ்சிடும்.” திரையில் சிவப்பாகப் பிழைச்செய்தி வந்தால் மற்ற மாணவர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்களாம். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. “எந்த வரியில என்ன தப்புன்னு சொல்லித் திட்டுது பாரு. உங்கப்பா இத்தனை வருஷத்துல ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்காரா?”

அவள் எழுதிய முதல் புரோகிராம் வீட்டுவேலைக்கு முறை போடுவது. அப்பா, அண்ணன், பாப்பா, அம்மா. முறை வருகிறவர் பெயருக்குக் கீழே இரண்டு பட்டன்கள் இருக்கும். ஒன்று ‘செய்கிறேன்’, மற்றது ‘முடியாது’. ‘முடியாது’ அழுத்தினால் வேலை அடுத்தவருக்குப் போகும். முதலில் அதை அழுத்தினால் “வெட்கமா இல்லையா?” என்று வரும்படி எழுதியிருந்தாள். அண்ணன் ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் அது “பரவாயில்லை” என்று மாறிவிட்டது.

பக்கவாதம் அப்பாவின் இடது கையையும் காலையும்தான் முடக்கியிருந்தது. வலது கை ஆட்காட்டி விரல் அந்தப் பட்டனை ஒருநாளும் தவறவிட்டதில்லை. எல்லோரும் ‘முடியாது’ அழுத்திவிட்டால் வேலை புரோகிராமின் கடைசி வரிக்கு வந்து நிற்கும். அதில் அம்மா தன் பெயரை எழுதியிருந்தாள். கடைசியில் இருக்கிறவருக்கு ‘முடியாது’ என்ற பட்டனே கிடையாது.

மகளுக்கு வேறு ஊரில் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கினவள், முதன்முதலாக ஊரைவிட்டுப் போனவள். கிளம்புகிற அன்று அம்மா வாசல்வரை வந்து, “உன்னை டெலீட் பண்ணிட்டேன், போடி” என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பேருந்து ஏறிய பிறகும் அந்தச் சிரிப்பு அவள் கூடவே வந்தது.

இப்போது அவள் பெயருக்குக் கீழே பச்சை நிறத்தில் ‘செய்கிறேன்’ மட்டும் தெரிந்தது.

“நீதானே இதை மாத்தினே?” என்றாள், முன்னறைக்கு வந்து.

“எனக்கு பாஸ்வேர்டே தெரியாது.”

பல்பு மாற்றவே ஆள் தேடுகிறவன். அவன் சொன்னதை நம்பத்தான் வேண்டியிருந்தது.

வண்டி வந்தது. அம்மா ஆஸ்பத்திரி விரிப்பில் சுற்றப்பட்டு வந்தாள். விரிப்பின் ஓரத்தில் அதே சலவைக்கூடத்தின் முத்திரை. மடிப்பு கோணல்மாணலாக இருந்தது. இரண்டு முனையும் ஒன்றோடொன்று சேரவில்லை. அவள் குனிந்து முனைகளைச் சேர்த்து, விரலால் நீவி விட்டாள். அழுகை வரும் என்று சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள். வரவில்லை. “கல்லு மாதிரி நிக்கறா பாரு” என்று யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது.

தோளில் பையோடு ஒல்லியாக ஓர் இளைஞன் வாசலில் தயங்கி நின்றான். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒன்றைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தான். அம்மாவின் கம்ப்யூட்டர் வாத்தியார். வயதில் மகளைவிடச் சின்னவன்.

“அக்கா, நீங்கதானே பாப்பா? அம்மா உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவாங்க.” அவன் பையைத் தோளிலிருந்து இறக்கினான். “கடைசி வாரம்கூட கோட் எழுதினாங்கக்கா. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டு, ஒரு வரி மாத்தணும் தம்பி, லேப்டாப்பை மடியில வச்சிருக்கேன், கூட இருன்னாங்க. போன்லயே சொல்லச் சொல்ல அவங்களே மாத்தினாங்க. என் வகுப்புல வேற யாரும் அப்படிக் கிடையாது.”

“எந்த வரி?”

“வீட்டுவேலை புரோகிராம்ல, அந்தக் கடைசி வரி. அவங்க பேரை எடுத்துட்டு உங்க பேரை...” அவள் முகத்தைப் பார்த்து அவன் குரல் இறங்கியது. “நான்கூடக் கேட்டேன்க்கா. அண்ணன் பேரைப் போடலாமே, அவரு இதே ஊர்தானேன்னு.”

“என்ன சொன்னாங்க?”

“‘அவன் முடியாதுன்னுடுவான் தம்பி. இவ சொல்ல மாட்டா’ன்னாங்க.”

“அந்த வரியைக் காலியா விட முடியாதா?”

“விடலாம்க்கா. தாராளமா விடலாம். யாரும் செய்யலைன்னா யாரும் செய்யலைன்னு காட்டும், அவ்வளவுதான். வகுப்புல முதல் மாசமே அதைச் சொல்லிக்கொடுத்தேன். அவங்களுக்கு மட்டும் மனசு ஒப்பலை.”

அவள் தலையாட்டினாள். அவனை உள்ளே போகச் சொன்னாள். அவன் மற்றச் செருப்பையும் கழற்றிவிட்டுப் போனான்.

அம்மாவுக்காக அழுவதா, அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியாமல் அவள் அந்தக் காலடியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு புது மொழியைக் கற்றாளே. இரவல் லேப்டாப்பில், கண்ணாடி மூக்கில் நழுவ நழுவ, ஊரே சிரிக்கச் சிரிக்கக் கற்றாளே. கற்றதை வைத்துக் கடைசியாகச் செய்தது இதுதானா? மகனிடம் கேட்கப் பயம். கணவனிடம் கேட்டுப் பழக்கமில்லை. மகளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. தோன்றியிருந்தால் பகல் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மதியம் சாய்ந்திருந்தது. வந்தவர்கள் சிலர் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பாவின் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அண்ணன் மேஜைமேல் போட்டிருந்த வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்து சாவியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அவள் எதையாவது தூக்கிக்கொண்டு போவதும் வருவதும் யார் கண்ணிலும் படுவதில்லை.

“பாப்பா, டீ போடும்மா. எல்லாரும் உக்காந்திருக்காங்க பாரு” என்றார் அப்பா.

“முடியாதுப்பா.”

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் நாற்காலிப் பேச்சு நின்றது.

“இன்னிக்காவது இப்படிப் பேசாம இருக்கக் கூடாதா?” என்றாள் அண்ணி. “ஆபீஸ்ல லீவை நீட்டிக்கச் சொன்னா என்னவாம்? பொண்ணு நீதானே.”

“நாளைக்கு வேலைக்கு வரேன்னு சொல்லியாச்சு அண்ணி. டாக்டர் கையை விரிச்ச அன்னிக்கே, எடுத்த மறுநாள் வந்துடறேன்னு ஆஸ்பத்திரியில இருந்தே சொன்னேன்.” அண்ணன் பக்கம் திரும்பினாள். “அப்பா துணிமணி, மாத்திரை எல்லாம் உன் வண்டி டிக்கியில வச்சிருக்கேன். நீலப் பை. ராத்திரி மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி.”

“அம்மா கேட்டுக்கிட்டதுக்கு ஒரு மரியாதை இல்லையா உனக்கு?” அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

“அம்மா என்கிட்ட கேக்கவே இல்லை. கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன்.”

அப்பா மகனைப் பார்த்தார். மகன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

“என்னை அங்க கூட்டிட்டுப் போனா, கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்கடி” என்றார் அப்பா. குரலில் அதிகாரம் இல்லை. இத்தனை வருடத்தில் அவர் கெஞ்சி அவள் கேட்டதில்லை. அவர் முன்னால் மண்டியிட்டு, அவிழ்ந்து கிடந்த இடது செருப்பின் வாரை இழுத்து மாட்டிவிட்டாள். அவர் கை அவள் தலைமேல் வந்து ஒரு கணம் இருந்தது. அவள் எழுந்துவிட்டாள்.

“போன் பண்றேன்ப்பா.”

பை கதவுக்குப் பின்னால் தயாராக இருந்தது. “போனா அப்படியே போயிடு” என்று அண்ணன் பின்னாலிருந்து கத்தினான். அவள் படியிறங்கினாள்.

தெருமுனையில் கையில் பூங்கொத்தோடு ஒரு பெண்மணி வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சலவைக்கூடத்துச் சீருடை, கைகள் சோப்பில் வெளுத்திருந்தன.

“ஏம்மா, துணி மடிக்கிற அம்மா ஒருத்தங்க தவறிட்டாங்களே, அவங்க வீடு எது?”

“அந்தப் பச்சை கேட். கதவு திறந்துதான் இருக்கு.”

“எடுத்துட்டாங்களா?”

“ஆச்சு. உள்ள ஆள் இருக்காங்க, போங்க.”

அந்தப் பெண்மணி நன்றி சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, வண்டி ஏதும் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தாள்.