பெயருக்கு முன்பே எழுதிய நன்று

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது என் கற்பனையில் உதித்ததல்ல. பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அக்கா, துணி மடித்துக்கொண்டே சொன்னது. அவள் அசந்த நேரம் பார்த்துக் கதையாக்குகிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஒழுக்கம் என்ற சொல் 'ஒழுகு' என்பதிலிருந்து வந்தது. இடையறாமல் ஓடுவது, ஒரு நெறியில் நடந்துகொண்டே இருப்பது, எனவே..."

[அகராதி வாடை. நிறுத்திவிட்டேன். ஆனாலும் ஓடிக்கொண்டே இருப்பதை ஒரு கட்டத்துக்குள் ஒரே சொல்லில் நிரப்பச் சொன்ன புண்ணியவான் யாரோ!]

3

மாற்றுச் சான்றிதழில் அந்தக் கட்டம் உண்டு. அக்கா ஆண்டுத் தொடக்கத்திலேயே, பெயர்கூட எழுதாத எல்லாப் படிவங்களிலும் ஒழுக்கம் என்ற இடத்தில் "நன்று" என்று எழுதி அடுக்கிவிடுவாள். எல்லோருக்கும் அதுதானே.

அந்த வருடம் ஒரு மாணவி, ஆசிரியர் ஒருவர் வகுப்பில் தன்னைக் கேவலமாகத் திட்டியதைப் பற்றி மேலிடத்துக்குக் கடிதம் போட்டாள். பிறகு வேறு பள்ளிக்குப் போகச் சான்றிதழ் கேட்டு, அப்பாவோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"திருப்தியில்லைன்னு போடுங்கம்மா," என்றார் தலைமையாசிரியர்.

"எல்லாத்துலயும் நன்றுன்னு எழுதிட்டேனே சார். திருத்தினா பக்கத்துல நீங்க கையெழுத்து போடணும்."

"நான் எதுக்கு? நீங்களே போட்டுடுங்க."

[இவரை வில்லனாக்க எனக்குக் கை பரபரக்கிறது. ஆனால் மனிதர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம்.]

4

முடிவு அ: அக்கா பேனாவை மூடிவைத்துவிட்டு, "என்னால முடியாது சார்," என்று

முடிவு ஆ: படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய்

இரண்டும் நடக்கவில்லை. அக்கா கோடு போட்டாள், மாற்றி எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். இரண்டு பள்ளிகளில் அந்தப் பெண்ணுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

5

நேற்று இதுவரை எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"முதல் முடிவையே வச்சுடேன்டா," என்றாள். "நான் முடியாதுன்னு சொன்ன மாதிரி."

"பொய்யாச்சேக்கா?"

"கதைதானே எழுதறே? அதுலயாவது சொல்லிட்டுப் போறேன்."

எனக்கு அக்கா என்றால் உயிர். அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் அந்தப் பெண் எங்கோ இருக்கிறாள், இதை வாசிக்கவும் கூடும். அது நீங்களாக இருந்தால், எந்த முடிவை வைக்கட்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் எது சொன்னாலும் அக்காவிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.