காத்திருப்போர் அலமாரி

அலுவலகத்தில் அவளுக்குச் சித்திரகுப்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். கணக்குப் பிரிவுக்காரர் மட்டும் ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு அதில் கோபமில்லை. பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் இதழில் கடைசி இரண்டு பக்கம் அவளுடையது. செத்துப்போன பழைய மாணவர்களைப் பற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் எழுதவேண்டும். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வாசகர்கள் இதழைப் பின்னாலிருந்துதான் திறக்கிறார்கள் என்பதும், முன்பக்கத்தில் வரும் துணைவேந்தரின் கடிதத்தைத் துணைவேந்தரே படிப்பதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

செத்தவர்களிலும் இரண்டு ரகம். பெரிய பதவியில் இருந்தவர்களுக்குப் படத்தோடு முந்நூறு சொல். மற்றவர்களுக்கு நாற்பது சொல், படம் கிடையாது. முந்நூறு சொல்காரர்கள் திடீரென்று போய்விட்டால் அவசரத்தில் தப்பும் தவறுமாக வந்துவிடுமே என்று, அவர்கள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே கட்டுரையை எழுதி இரும்பு அலமாரி ஒன்றில் வைத்துவிடுவார்கள். அதற்குக் காத்திருப்போர் அலமாரி என்று பெயர். ஒரு பெரிய மனிதர் போன சமயம், மூத்த தாரத்துப் பிள்ளைகளும் இளைய தாரத்துப் பிள்ளைகளும் அவள் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு கட்டுரையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அன்றைக்கே அவள் ஒரு விதி எழுதி இயக்குநரிடம் கையெழுத்து வாங்கிவிட்டாள். கோப்பைத் திருத்த அதற்குரியவர் ஒருவருக்குத்தான் உரிமை. அவர் கையெழுத்துப் போட்டபின் வேறு யாரும், எழுதியவள் உட்பட, அதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது. இருப்பது இருக்கிறபடியே அச்சாகும்.

விதி வந்ததும் பெரிய மனிதர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை வந்து, அலமாரிக்கு எதிரே கிடந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, தங்கள் சாவுக் கட்டுரையைத் தாங்களே திருத்தினார்கள். 'எளிமையானவர்' என்று தன் கைப்பட எழுதிச் சேர்த்தவர்கள் மட்டும் பதினோரு பேர். அவளுக்குச் சிரிப்பாக இருக்கும். விதைப் பேராசிரியர் வரும் நாளில் மட்டும் அந்தச் சிரிப்பு வராது.

அவர் பச்சை மைப் பேனாவோடு வருவார். ஊறவைத்த விதையின் தண்ணீரைச் சோதித்து, எந்த விதை முளைக்கும், எது முளைக்காது என்று ஒரே நாளில் சொல்லிவிடும் முறை ஒன்று அவர் பெயரால் பாடப்புத்தகங்களில் இருந்தது. அதைப் பற்றிய பத்தியை அவரே சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்தாள். 'மாணவப் பருவத்தில், விடுதி அறையின் கட்டிலுக்கடியில், உணவுக்கூடத்திலிருந்து எடுத்துவந்த முப்பத்திரண்டு டம்ளர்களில் விதைகளை ஊறவைத்து இந்த முறையைக் கண்டறிந்தார்.' தட்டச்சு செய்து முடித்து, வாசித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கி உள்ளே வைத்தாள். விரல்கள் வேலை செய்தன. மனசு மட்டும் ஒப்பவில்லை.

ஏனென்றால் அந்தக் கட்டில் பெண்கள் விடுதியில் இருந்தது. அதே அறையின் இன்னொரு கட்டில் அவளுடையது. டம்ளர்களைத் திருடியவள் அவளுடைய அறைத்தோழி. உணவுக்கூடத்தில் டம்ளர் குறைகிறதென்று காப்பாளர் அறை அறையாகச் சோதனை போட்டுப் பிடித்த நாளிலிருந்து விடுதி முழுக்க அவளுக்கு டம்ளர் என்றே பெயர். ஒவ்வொரு டம்ளருக்கும் எண் எழுதி ஒட்டிக்கொடுத்தது சித்திரகுப்திதான். அவள் சரித்திர மாணவி, விதையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பசையும் காகிதமும் இருந்ததால் ஒட்டினாள். காலையில் எழுந்ததும் இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்து எந்தெந்தத் தண்ணீர் கலங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். டம்ளர் நோட்டில் குறித்துக்கொள்வாள். ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சீனியர் ஒருவர், பின்னாளில் விதைப் பேராசிரியர் ஆனவர்தான், பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி அந்த நோட்டை வாங்கிப்போனார். அடுத்த வருஷம் அவர் பெயரில் கட்டுரை வந்தது. அதற்கடுத்த மாதம் அவருக்கும் டம்ளருக்கும் கல்யாணம். நோட்டு திரும்பி வரவில்லை, டம்ளரும் நோட்டின் பின்னாலேயே போய்விட்டாள்.

ரொம்ப வருஷம் கழித்து ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது சித்திரகுப்தி மனசு பொறுக்காமல் அந்த நோட்டைப் பற்றிக் கேட்டேவிட்டாள். டம்ளர் துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"விடுடி. யார் பேர்ல இருந்தா என்ன, வீட்டுக்குள்ளதானே இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, மடித்து வைத்திருந்த அதே சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள்.

அந்த டம்ளர்தான் முதலில் போனாள். மூன்றாம் நாள் பேராசிரியர் ஒரு காகிதத்தோடு வந்தார். பச்சை மையில் நான்கு வரி. பேராசிரியரின் துணைவியார். தாவரவியல் பட்டதாரி. கணவரின் ஆராய்ச்சிகளுக்கு உறுதுணையாக இருந்தவர். விருந்தினரை உபசரிப்பதில் சிறந்தவர்.

"நாப்பது வார்த்தைக்குள்ள வந்துடும்னு நினைக்கிறேன். கூடிச்சுன்னா கடைசி வரியை எடுத்துடுங்க" என்றார்.

சித்திரகுப்தி சரி என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அவர் கண் கலங்கியிருந்ததும் உண்மைதான். அதனால் அவள் ஆத்திரம் ஒரு பிடி கூடத்தான் செய்ததே தவிரக் குறையவில்லை. அழவும் தெரிந்திருக்கிறது, அழும்போதே சொல் எண்ணவும் தெரிந்திருக்கிறது.

டம்ளருக்குக் காத்திருப்புக் கோப்பு கிடையாது. ஆகவே விதியும் கிடையாது. என்ன எழுதுவது என்று அன்று மத்தியானம் முழுக்க யோசித்தாள். நான் பார்த்தேன் என்று தன் வார்த்தையில் எழுதலாம். எழுதினால் ஒரு குமாஸ்தாவின் வார்த்தைக்கு எதிரே ஒரு பேராசிரியரின் வார்த்தை என்று ஆகிவிடும். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அலமாரியைத் திறந்து, அவர் கையெழுத்துப் போட்ட பத்தியை எடுத்தாள். ஒரு சொல் மாறாமல் அப்படியே தட்டச்சு செய்தாள். மேலே மட்டும் டம்ளரின் பெயரைப் போட்டாள். அவர் வார்த்தையாலேயே அவரை மடக்கிவிட்டோம் என்று உச்சி குளிர்ந்துபோயிற்று. இயக்குநர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இதழ் வெளிவந்த நாலாம் நாள் பேராசிரியர் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. பிழை வந்திருக்கிறது, திருத்தம் போடவேண்டும் என்றார். அவள் மரியாதையாகத் திருத்தப் படிவத்தை எடுத்து நீட்டினாள். அதில் மூன்று கட்டங்கள்: தவறான வாக்கியம், சரியான வாக்கியம், ஆதாரம்.

அவர் பச்சைப் பேனாவைத் திறந்தார். முதல் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மின்விசிறியில் காகிதத்தின் ஓரம் படபடத்தது.

"அந்த டம்ளரெல்லாம் அவ கட்டிலுக்கடியில இருந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கடைசியில் கேட்டார்.

"நம்பர் ஒட்டினது நான்தான் சார்."

அவர் நிமிர்ந்து அவளை முழுசாகப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தன் கட்டுரையைத் தட்டச்சு செய்துகொடுத்தவள் யாரென்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மனைவியின் தோழி என்று வீட்டுக்கு வந்துபோன ஒருத்தியை அவர் ஏறெடுத்துப் பார்த்திருந்தால்தானே. படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நிரப்பாமலே போய்விட்டார். அதன்பிறகு ஆறு வருஷம் அந்தப் பக்கமே வரவில்லை.

ஜெயித்துவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். ஓய்வுபெற்ற நாளில் அலமாரிச் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் அவருடைய கோப்பைத் திறந்து பார்த்தாள். பத்தி அப்படியே இருந்தது. அந்த ஒரு தாளை உருவி எடுத்துக் கிழித்துப் போட்டிருக்கலாம், கேட்க நாதியில்லை. ஆனால் விதி எழுதியவள் அவள். மேலும், இந்த மனிதர் வெட்கப்பட்டு ஒருநாள் தானே வந்து அந்தப் பத்தியை அடித்துவிட்டுப் போவார் என்று முட்டாள்தனமாக நம்பினாள். கோப்பை மூடி, சாவியைத் தனக்குப் பின்னால் வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மாலையும் கையுமாக வீடு போய்ச் சேர்ந்தாள்.

பேராசிரியர் போய்ச் சேர்ந்தது அதற்கடுத்த வருஷம். இதழைப் பின்னாலிருந்துதான் திறந்தாள். முந்நூறு சொல், படம், எளிமையானவர், கட்டிலுக்கடியில் முப்பத்திரண்டு டம்ளர்கள். கோப்பில் இருந்தது இருந்தபடியே வந்திருந்தது. புதியவள் விதியை மீறவில்லை.

அதற்கடுத்த இதழ் இன்னும் மோசம். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம். ஏழு வருஷத்துக்கு முன் வெளியான குறிப்பு ஒன்றில் கணவரின் கண்டுபிடிப்பு தவறுதலாக மனைவியின் பெயரில் இடம்பெற்றுவிட்டது, தவறுக்கு வருந்துகிறோம். சரியான குறிப்பு வருமாறு. அதன் கீழே நான்கு வரிகள். உறுதுணை, உபசரிப்பு எல்லாம் இருந்தன. பழைய கோப்புக்குள்ளிருந்து அந்தப் பச்சை மைக் காகிதத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

அடுத்த நாளே சித்திரகுப்தி அலுவலகத்துக்குப் போனாள். புதியவள் எழுந்து நின்று நாற்காலி போட்டு, பேராசிரியரின் கோப்பையும் அந்தப் பழைய குறிப்பு இருந்த கோப்பையும் எடுத்துக் காட்டினாள். கெட்டவள் இல்லை, பொறுப்பானவள்தான். பேராசிரியரின் மகன் திருத்தப் படிவத்தை முறையாக நிரப்பி அனுப்பியிருந்தான். கூடவே ஒரு கடிதம்: அம்மா இருந்திருந்தால் அப்பாவின் பெருமையில் ஒரு பொட்டுக் குறைவதையும் தாங்கியிருக்க மாட்டாள்.

"ரெண்டு பத்தியும் வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா இருக்கு மேடம். அவர் கையெழுத்து போட்டது, அவங்க குறிப்பு வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னால. அப்போ எது எதைப் பார்த்து எழுதினதுன்னு நீங்களே சொல்லுங்க."

சித்திரகுப்தி இரண்டு தேதிகளையும் பார்த்தாள். தன் சாமர்த்தியம்தான் தன் தோழியின் கழுத்தில் கத்தி வைத்தது என்று புரிந்தபோது, செத்த மனிதர்மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி அவள்மேலேயே வந்து விழுந்தது. அன்றைக்கு நான் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இன்றைக்கு அந்த ஒரு வரியாவது நின்றிருக்கும். குமாஸ்தா வார்த்தை அம்பலம் ஏறாதென்று அவளே முடிவுகட்டிவிட்டாள்.

படிவம் கேட்டு வாங்கினாள். தவறான வாக்கியம், சரியான வாக்கியம் இரண்டையும் எழுதினாள். மூன்றாவது கட்டத்தில், நான்தான் எண் ஒட்டினேன் என்று எழுதினாள். புதியவள் வாங்கிப் படித்துவிட்டுச் சங்கடத்தோடு பார்த்தாள்.

"இதுக்கு எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கா மேடம்?"

நோட்டு ஒன்று இருந்தது, அதை ஒருவர் வாங்கிக்கொண்டுபோனார் என்றாள் சித்திரகுப்தி. புதியவள் படிவத்தை மேஜையில் வைத்தாள். பிறகு, மேடம் வருத்தப்படக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அலமாரியைத் திறந்து ஒரு மெல்லிய கோப்பை எடுத்தாள்.

"உங்க பேர்லயும் ஒரு கோப்பு திறந்து வெச்சிருக்கோம். இந்தப் பக்கத்தை இத்தனை வருஷம் பார்த்தவங்கன்னு இயக்குநரே சொன்னார். இந்தப் படிவத்தை அதுல போட்டு வைக்கிறேன்."

உள்ளே நாற்பது சொல் இருந்தது. இதழின் முன்னாள் உதவியாளர். கடமையுணர்வு மிக்கவர். புகழ்பெற்ற விதைப் பேராசிரியரின் துணைவியாருக்கு விடுதித் தோழியாக இருந்தவர்.

சித்திரகுப்தி நாற்காலியை இழுத்து அலமாரிக்கு எதிரே போட்டுக்கொண்டாள். பேனா கேட்டாள். நாற்பது சொல்லையும் குறுக்கே அடித்தாள். அதற்குக் கீழே, நிதானமாக, பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதினாள்: 'பெண்கள் விடுதி அறையில் தோழி கட்டிலுக்கடியில் விதை ஊறவைத்த முப்பத்திரண்டு டம்ளர்களுக்கு எண் ஒட்டியவர். அந்த முறையைக் கண்டறிந்தவள் அந்தத் தோழி. பேராசிரியர் நோட்டை வாங்கிப்போனவர்.' அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

புதியவள் அதைப் படித்தாள். முகம் மாறியது. ஆனால் விதி அவளுக்கும் மனப்பாடம். கோப்பை வாங்கி உள்ளே வைத்து அலமாரியைப் பூட்டினாள்.

சித்திரகுப்தி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். இனி யாரும் அதில் ஒரு எழுத்தைத் தொடமுடியாது. அது அச்சாக வேண்டுமென்றால் அவள் செத்தாக வேண்டும், அவ்வளவுதான்.