ரைஸ் குக்கருக்குள் ரயில் நிலையங்கள்

1.

இந்தக் கதை என்மேல் வந்து மோதியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், சிட்னியில் ரெட்ஃபர்ன் ரயில் நிலையத்தின் படிகளில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஓடிவந்த ஒரு பெண்ணின் தோள் இடித்ததில் என் காப்பி முழுவதும் சட்டையில். "ஐயோ, குறை நினையாதேங்கோ, ரேஸ் ஓடுறம்!" என்று கத்திவிட்டு அவள் போய்விட்டாள். என் முகத்திலேயே தமிழ் எழுதியிருந்தது போலும். அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண், மூச்சு வாங்க, கையைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டபடி ஓடினாள்.

உண்மை இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது. கறை இரண்டு சலவையில் போய்விட்டது. வளர்ந்த இரண்டு பெண்கள் எதற்காக ரயில் நிலையத்தில் பந்தயம் ஓடுகிறார்கள் என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

தொடங்கிப் பார்த்தேன்.

சிட்னியின் ரயில் வலைப்பின்னல் என்பது பெருநகர வாழ்வின் (வேண்டாம். இதை நானே படிக்க மாட்டேன்.)

ராகவி கண் விழித்தபோது ஜன்னலில் (எல்லாக் கதைகளிலும் யாராவது கண் விழித்துக்கொண்டே இருக்கிறார்கள்.)

ராகவி ரைஸ் குக்கரின் சட்டியைக் கழுவித் துடைத்து, அதற்குள் ரயில் நிலையங்களைப் போட்டாள்.

இது இருக்கட்டும்.

2.

ராகவிக்கு வேலை, கிரவீனில் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில். (முதல் பிரதியில் அவளைக் கணக்காளர் ஆக்கியிருந்தேன். கணக்காளரும் பந்தயம் நடத்தலாம்தான். ஆனால் அழுகிற பிள்ளையின் முன்னால் சட்டென்று ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கிற ஆள் எனக்குத் தேவைப்பட்டாள்.) வீடு வென்ட்வேர்த்வில்லில், ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம். கணவன் கஜீவன் ரயில் ஓட்டுநர்.

போன குளிர்காலத்தில் ஒரு பின்னேரம் கஜீவன் ரயிலை ஒரு நிலையத்துக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தான். பிளாட்ஃபாரத்தில் நின்ற ஒரு பெண் தலை சுற்றித் தண்டவாளத்தில் விழுந்துவிட்டாள். அவன் பிரேக்கைப் பிடித்தான். ரயில் அவளுக்கு முன்னால் நின்றது. ஆட்கள் குதித்து அவளைத் தூக்கினார்கள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

(எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. நீங்கள் தினமும் இறங்குகிற இடமாக இருக்கலாம். உங்கள் காலைப் பொழுதைக் கெடுப்பானேன்.)

"நல்லகாலம், ஒண்டும் நடக்கேல்லை" என்றார்கள் எல்லோரும். கஜீவனை முடக்கிப் போட்டதே அந்த வார்த்தைதான் என்று நினைக்கிறேன். ஏதாவது நடந்திருந்தால் அவனுடைய நடுக்கத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். நடக்காத ஒன்றுக்காக ஒருவன் எப்படி நடுங்குவது? அன்றைக்குப் பிறகு அவன் ரயிலில் ஏறவில்லை. ஓட்டுவதைச் சொல்லவில்லை, பயணியாகக்கூட ஏறவில்லை. வேலையிடத்தில் பொறுமையாகத்தான் இருந்தார்கள். ஆலோசகரிடம் அனுப்பினார்கள், விடுப்பு நீட்டினார்கள். இப்போது கேட்கிறார்கள்: திரும்பவும் ஓட்டுகிறாயா, இல்லை, பயிற்சிப் பிரிவில் மேசை வேலை தரட்டுமா? திங்கட்கிழமை பதில் வேண்டும்.

அந்த வீட்டில் 'ட்ரெயின்' என்ற சொல்லே இல்லாமல் போயிற்று. அடுத்த தெருவில் இருக்கும் தேஜஸ்வினி, கோயம்புத்தூர்க்காரி, ராகவியின் சிநேகிதி, "இன்னைக்கு ட்ரெயின்ல ஒரு கூத்து" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வாள். கஜீவன் எழுந்து குசினிக்குள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

ஒரு நாள் ராகவிக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அறிவித்தாள்: சனிக்கிழமை ஒரு பந்தயம். இருவர் இருவராக அணி. ஒவ்வொரு அணியும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ரயில் நிலையங்களைச் சீட்டில் எடுக்க வேண்டும். ரயிலிலேயே போய், ஐந்திலும் இறங்கி, பெயர்ப் பலகையோடு படம் எடுத்து, வென்ட்வேர்த்வில்லுக்கு முதலில் திரும்பி வருகிறவர்களுக்கு வெற்றி. கார் கூடாது.

கணவனிடம் சொன்னபோது அவன் டிவியைப் பார்த்தபடி கேட்டான்: "எனக்காகவோ உது?"

"இல்லை, எனக்காக" என்றாள் ராகவி. அது பொய்யில்லை.

3.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் சாப்பாட்டு மேசையில் சீட்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நிலையத்தின் பெயரை எழுதினாள். நகரத்துக்குள், கடலோரம், மேற்கில் என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். கஜீவன் எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீட்டுகளை விரலால் தள்ளிப் பார்த்தான்.

"எங்கட லைன் முழுக்க எழுதினனீரோ?"

"ஓம்."

"ஒண்டைக் காணேல்லை."

அவள் நிமிரவில்லை. "மறந்திட்டன் போல."

"ராகவி."

"வேணாம் கஜீவன். இது விளையாட்டு."

"விளையாட்டெண்டா எல்லாம் இருக்க வேணும். நீர் அதை எடுத்து வைச்சா, நான் ஒவ்வொரு சீட்டிலயும் அதைத்தான் பாத்துக்கொண்டிருப்பன்."

அவன் பேனையை வாங்கி, ஒரு துண்டில் அந்தப் பெயரைத் தானே எழுதினான். நாலாக மடித்தான். குக்கருக்குள் போட்டுவிட்டு, முகம் கழுவப் போனான்.

(ஒரு நண்பர் இந்த இடத்தைப் படித்துவிட்டு, "இவ்வளவு துணிச்சல் இருக்கிறவன் ஏன் ரயிலில் ஏறவில்லை?" என்று கேட்டார். பெயரை எழுதுகிற துணிச்சல் வேறு, அங்கே போய் நிற்கிற துணிச்சல் வேறு என்றேன். எழுதுகிறவனுக்கு இது நன்றாகவே தெரியும்.)

4.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். அந்தச் சீட்டு யார் கையில் வர வேண்டும்?

ராகவியின் கையில் வந்தால் "எழுத்தாளர் வேலை" என்பீர்கள். யார் கையிலும் வராவிட்டால், முந்தைய பகுதியை எதற்காக எழுதினேன்? நியாயமாக நடப்போம் என்று நானும் சீட்டு வெட்டி, எங்கள் வீட்டுச் சட்டியில் போட்டுக் குலுக்கி எடுத்தேன். வரவில்லை. இன்னொரு முறை எடுத்தேன். வரவில்லை. வருகிற வரைக்கும் எடுத்தேன். கதைக்குள் சீட்டு எடுக்கிற கை எப்போதும் என்னுடையதுதான். இதை மறைத்து என்ன பயன்?

ஆகவே சனிக்கிழமை காலை. வரவேற்பறையில் எட்டுப் பேர், நான்கு அணிகள். கூட்டத்தில் மூத்தவரான சிறிதரன் அங்கிள் புதுச் சப்பாத்தும் தலையில் பட்டியுமாக வந்திருந்தார். ராகவியும் தேஜஸ்வினியும் ஓர் அணி. கஜீவன் வீட்டிலிருந்து போனில் வழி சொல்வதாக ஏற்பாடு. தேஜஸ்வினி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சட்டிக்குள் கைவிட்டாள்.

"லிட்கம்! ஐயா, ஈஸி. மெக்டொனால்ட்டவுன். அது எங்கடி இருக்கு? சர்குலர் கீ. வொல்லி கிரீக்." ஐந்தாவதைப் பிரித்தாள். ராகவி எட்டிப் பார்த்து, அவள் கையை அழுத்தினாள். தேஜஸ்வினி கையை விடுவித்துக்கொண்டு அந்தப் பெயரையும் உரக்கப் படித்தாள்.

சிறிதரன் அங்கிள் குனிந்து, கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். எல்லோரும் கஜீவனைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"நல்ல சீட்டு" என்றான் கஜீவன். "வரேக்க வழியில இருக்கு. அதைக் கடைசிக்கு வையுங்கோ."

5.

பந்தயத்தை விரிவாக எழுத ஆசைதான். லிட்கமில் தேஜஸ்வினி படம் எடுக்கிற வேகத்தில் தன் கட்டைவிரலை மட்டும் எடுத்து, திரும்ப ஓடியதை. மெக்டொனால்ட்டவுனில் அவர்கள் இருவரைத் தவிர ஒருவருமே இறங்காததை. சர்குலர் கீயில் துறைமுகம் அத்தனை நீலமாகக் கிடக்க, அதற்கு முதுகைக் காட்டிப் பெயர்ப் பலகையோடு நின்றதை. ராகவிக்கு அன்று காலை ஒன்று புரிந்தது: கஜீவனுக்குத் துணையாக அவளும் இத்தனை மாதம் வேலையும் வீடுமாகவே கிடந்திருக்கிறாள். நகரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ரயில் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டபோது அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சிரித்தாள்.

தேஜஸ்வினியின் மேல் மட்டும் கோபம் ஆறவில்லை. அதை வொல்லி கிரீக்கில் கேட்டேவிட்டாள்.

"ஏன் சத்தமா வாசிச்சனீ? உனக்குத் தெரியும்தானே அது எந்த ஸ்டேஷன் எண்டு."

(தேஜஸ்வினியைப் பற்றி எனக்கே சந்தேகம் இருந்தது. சிரிப்புக்காகத்தான் அவளைக் கதைக்குள் விட்டேன். அவள் அடுத்துச் சொன்னதை நான் திட்டமிடவில்லை.)

"தெரியும். தெரிஞ்சுதான் படிச்சேன்" என்றாள் அவள். "உங்க வீட்டுக்கு வந்தா நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரியில பேசற மாதிரி மெதுவாப் பேசறோம் ராகவி. அப்புறம் அண்ணா எப்படித் தன்னை நல்லாயிட்டவரா நினைப்பாரு? தப்புன்னா திட்டு. ஆனா ட்ரெயின் வருது, ஏறிட்டுத் திட்டு."

6.

ரெட்ஃபர்னில் மாறும்போது எல்லாம் குழம்பியது. தண்டவாள வேலை என்று அறிவிப்பு, மேற்கே போகிற ரயில்கள் வழக்கமான பிளாட்ஃபாரத்தில் இல்லை. ராகவி கஜீவனை அழைத்தாள்.

"மற்றப் பக்கம் போங்கோ, படியேறி. கெதியா ஓடுங்கோ" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் வேறொரு குரல் கேட்டது. ஒலிபெருக்கியில் ஒரு பெண், நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கஜீவன், எங்க நிக்கிறியள்?"

"வென்ட்வேர்த்வில் பிளாட்ஃபோமில. வீட்டில இருந்து வழி சொல்ல ஏலாமக் கிடந்தது. ரெண்டு ட்ரெயினைப் போக விட்டிட்டன்."

"அங்கயே நில்லுங்கோ, நான் வாறன். ரேஸ் கிடக்கட்டும்."

"வேண்டாம். நீர் இஞ்ச வந்தா நான் உம்மளோட வீட்டை போயிடுவன்." அவன் மூச்சு விடுவது கேட்டது. "நீர் அந்த ஸ்டேஷனில இறங்கி நில்லும். நான் வந்தா வாறன். வராட்டி குறை நினையாதையும்."

ராகவி ஓடினாள். என் காப்பி கொட்டியது இந்த இடத்தில்தான். பின்னால் வந்தவள்தான் சிரித்தபடி கும்பிட்டாள். முன்னால் ஓடியவளின் கண்கள் நனைந்திருந்ததாக இப்போது எழுதும்போது தோன்றுகிறது. பார்த்தேனா, சேர்க்கிறேனா என்று சொல்லத் தெரியவில்லை.

7.

பெயர் சொல்லாத நிலையத்தில் அவர்கள் இறங்கினார்கள். ராகவி பயந்தபடி அங்கே ஒன்றும் இல்லை. தின்பண்ட இயந்திரம், மஞ்சள் கோடு, கிரிக்கெட் பையோடு நிற்கும் பெண்பிள்ளைகள். படம் எடுத்தாயிற்று. அடுத்த ரயிலைப் பிடித்தால் வெற்றி. சிறிதரன் அங்கிள் இன்னும் நகரத்திலேயே வழி தெரியாமல் நிற்கிறாராம், மற்ற அணிகளும் பின்னால்தான் என்று குழுவில் செய்தி வந்திருந்தது.

"போய் ஜெயிச்சிரலாமா?" என்று தேஜஸ்வினி கேட்டாள்.

ராகவி தலையாட்டி மறுத்தாள். இருவரும், வென்ட்வேர்த்வில்லிலிருந்து ரயில் வந்து நிற்கிற எதிர்ப் பிளாட்ஃபாரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்று: அவன் வரவில்லை, அவள் வீடு திரும்புகிறாள், கதவைத் திறக்கிறவனிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு: ரயில் வருகிறது, கதவு திறக்கிறது, நான் பேனையை வைத்துவிடுகிறேன். மூன்று: அதற்கு வருகிறேன்.

இரண்டாவதைத்தான் எழுதியிருந்தேன். நாகரிகமான முடிவு. ஆனால் அவளை அந்த பெஞ்சில் அப்படியே விட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு ரயில் வந்து போனது. அவன் இல்லை. இன்னொன்று வந்து போனது. தேஜஸ்வினி பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டினாள். ராகவி வாங்கி, கடிக்காமல் வைத்திருந்தாள். அடுத்த ரயில் நின்று, கதவுகள் மூடப்போகிற நேரத்தில் கடைசிப் பெட்டியிலிருந்து கஜீவன் இறங்கினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் இரத்தமே இல்லை. கம்பியைப் பிடித்த கைவிரல்கள் இன்னும் மடங்கியபடியே இருந்தன.

ராகவி அருகே போனாள். அவன் அவளைக் கடந்து பிளாட்ஃபாரத்தின் முனைக்கு நடந்தான். ரயில் கிளம்பிப் போனதும் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி, வந்த திசையைப் பார்த்தான். மறுபடியும் தண்டவாளத்தை.

"அந்தக் குப்பைத்தொட்டிக்கு நேர விழுந்தவ" என்றான். "நான் நிப்பாட்டினது, அந்த லைட்டுக் கம்பத்தடியில."

"ஓம்."

"ராவில கண்ணை மூடினா ஒரு சாண்தான் இருக்கும். ஒவ்வொரு நாளும் கிட்டக் கிட்ட வரும்." அவன் இரண்டு இடங்களையும் கையால் அளந்தான். "இதுக்குள்ள ஒரு காரை விடலாம் ராகவி. இவ்வளவு இடம் இருந்திருக்கு."

அவள் அவன் கையைப் பிடித்தாள். விரல்கள் மெல்ல விரிந்தன. தேஜஸ்வினி தூரத்தில் நின்று, இயந்திரத்தில் என்ன விற்கிறார்கள் என்பதை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

8.

திங்கட்கிழமை அவன் என்ன பதில் சொன்னான்?

'திரும்பவும் ஓட்டுகிறேன்' என்று ஒரு பிரதி இருக்கிறது. 'மேசை வேலை போதும்' என்று ஒன்று, அதில் அவன் புதிய ஓட்டுநர்களிடம் அந்த இடைவெளியைப் பற்றிப் பேசுகிறான். இரண்டிலும் அவன் நன்றாகவே இருக்கிறான். இரண்டையும் கிழித்துவிட்டேன், ஏனென்றால் எது சரி என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியலாம். உங்களுக்கும் ஏதாவது நடக்காமல் போயிருக்கும், அதற்குப் பிறகு நீங்களும் ஏதோ ஒரு பதில் சொல்லியிருப்பீர்கள்.

எனக்கு வேண்டியது வேறு. வென்ட்வேர்த்வில் போகிற ரயில் எதிர்ப் பக்கத்தில் வருகிற சத்தம். "இதைப் பிடிச்சா இன்னும் ஜெயிக்கலாம்டி!" என்று தேஜஸ்வினி கத்துகிறாள். "முன் பெட்டிக்கு ஓடுங்கோ, அங்கதான் இடம் இருக்கும்" என்கிறான் கஜீவன். மூவரும் படிகளில் விழுந்தடித்து ஓடுகிறார்கள்.

திங்கட்கிழமையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமையை நான் வைத்துக்கொள்கிறேன்.